அவசரமானி

'சாதாரணம்' என்று வந்துவிட வேண்டும் என்று லீதியாள் வேண்டிக்கொண்டாள். அடுத்த நிமிடமே, 'விரைவு' என்று வந்தால்தானே தங்கை நவோமியைப் பார்க்க முடியும் என்று தோன்ற, அந்த வேண்டுதலைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். பயணநல ஆணையத்தின் தூத்துக்குடி அலுவலகத்தில் அன்று காத்திருந்தவர்கள் பலரும் இப்படித்தான் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். எது கிடைத்தால் நல்லது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

அவசரக் கடவுச்சீட்டு வாங்குவது ஒரு காலத்தில் எளிதாக இருந்தது. கொஞ்சம் கூடுதலாகக் கட்டணம் கட்டினால் சில நாளில் வீடு தேடி வரும். பிறகு முகக்களவுக் கும்பல்கள் கிளம்பின. ஒருவருடைய முகத்தையும் குரலையும் கைரேகையையும் அப்படியே வார்த்தெடுத்து இன்னொருவர் நாடு தாண்டினார். ஆகவே விண்ணப்பிக்கும் ஒவ்வொருவருடைய வாழ்க்கைத் தடத்தையும், படித்த பள்ளியிலிருந்து நேற்று ஏறிய பேருந்து வரை, துருவிப் பார்த்தபிறகுதான் சீட்டு என்று சட்டம் வந்தது. அதற்கு மாதங்கள் பிடித்தன. ஒரே நாளில் துருவி முடிக்கவும் வழி இருந்தது. ஆனால் அதற்கு வேண்டிய கணினித்திறன் தினம் ஒரு கைப்பிடி ஆட்களுக்குத்தான் காணும். யாருக்குக் கொடுப்பது? வந்தவர்கள் எல்லோரும் அவசரம் என்றார்கள். நன்றாக நடமாடிக்கொண்டிருந்த மாமனார்களுக்கெல்லாம் மரணப் படுக்கைச் சான்றிதழ் வந்து குவிந்தது.

பொய்யைக் கண்டுபிடிக்கப் பிறந்ததுதான் அவசரமானி. உலக மருத்துவமனைகளோடு ஆணையம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. நோயாளியின் தலைமாட்டில் இருக்கும் கருவிகள் சொல்வதையெல்லாம் அவசரமானி இங்கிருந்தே வாசிக்கும். விண்ணப்பித்தவர் எப்போது அங்கே போய் இறங்குவார், நோயாளி எப்போது இறப்பார் என்று கணக்குப் போடும். போய்ச் சேர்ந்த கையோடு இறப்பார் என்றால் 'விரைவு'. இப்போதைக்கு உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 'சாதாரணம்', மெதுவாகப் போய்க்கொள்ளலாம். போய்ச் சேருமுன்பே இறந்துவிடுவார் என்றாலும் 'சாதாரணம்'தான், போய்ப் பயனில்லை. எந்தச் சாதாரணம் என்பதைச் சொல்லமாட்டார்கள். நோயாளியின் அந்தரங்கம் என்றது சட்டம்.

லீதியாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பெரிய கோயில் தெருவுக்குப் பின்னால் மக்ரூன் அடுமனை வைத்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தங்கை நவோமி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் படிக்கவைத்து கடற்பொறியாளர் ஆக்கியது அந்த அடுப்புதான். நவோமி வடகோடியில் ஒரு துறைமுக நகரத்துக்குப் போய், எரிபொருளுக்காகக் கடற்பாசி வளர்க்கும் பண்ணையில் சேர்ந்தாள். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு அவளே வந்துவிடுவாள் என்பதால் அக்காவுக்குக் கடவுச்சீட்டு தேவைப்பட்டதே இல்லை.

போன வாரம் நவோமியின் படகு கவிழ்ந்தது. உறைகிற தண்ணீரிலிருந்து அவளைத் தூக்கியபோது இதயம் நின்றிருந்தது. மறுபடி துடிக்கவைத்தார்கள். கண் மட்டும் திறக்கவில்லை. மூச்சுக்கருவியின் தயவில் கிடந்தாள். லீதியாளைத் தவிர அவளுக்கு வேறு யாரும் இல்லை.

கண்காணிப்பாளர் பூரணலிங்கத்தின் மேசைக்கு முன்னால் லீதியாள் உட்கார்ந்தாள். அவர் தன் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். தலைக்கு மேலே இருந்த பெரிய திரையில் அவளுடைய எண்ணுக்கு நேரே எழுத்து மாறியது.

விரைவு.

கூடத்தில் பேச்சு அடங்கியது. அவளுக்குப் பின்னால் நின்றவர்கள், பாடைக்கு வழி விடுவதுபோல, ஒதுங்கி நின்றார்கள்.

"பெருவிரல இதுல வைங்கம்மா" என்றார் பூரணலிங்கம். "நாளைக்குக் காலைல கையில கெடச்சிரும். இந்த ஒரு பயணத்துக்கு மட்டும்தான் செல்லும்."

"சார், இது தப்பாச் சொன்னதே கெடையாதா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா. விரைவு வாங்கிட்டுப் போன அத்தன பேரும், ஆளு உசுரோட இருக்கையிலயே போயிப் பாத்திருக்காவ. பாத்த பொறவுதான்…" அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்க கெளம்புங்க. பாக்கக் கெடைக்குதே, அதுவே பெருசு."

விமானத்தில் ஏறியதோ, மாறியதோ அவளுக்குச் சரியாக நினைவில்லை. போய் இறங்கியபோது பகல் மங்கலாக இருந்தது. மருத்துவமனை ஆள் ஒருவர் அவள் காதில் மொழிச்செவியைப் பொருத்தினார். எதிரில் இருப்பவர் பேசுவதை அது தமிழாக்கிக் காதில் சொல்லும். அவள் பேசுவதை அவர்களுக்குச் சொல்லும். ஏட்டுத் தமிழில்தான் பேசும். பிரசங்கம் கேட்பதுபோல இருந்தது.

நவோமியின் அறைக்கு வெளியே, நடைபாதையில், மருத்துவர் சோல்வெய் அவளைச் சந்தித்தார். நவோமியின் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"நீங்கள் வந்தது நல்லதாயிற்று. உங்கள் தங்கையை உங்களுக்காகவே வைத்திருக்கிறோம்" என்றது மொழிச்செவி.

"எனக்காகன்னா?"

"நீங்கள் உள்ளே சென்று விடைபெற்றதும் துணைக்கருவிகளை நீக்கிவிடுவோம். வலி இருக்காது. வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று மாலைக்குள் என்றால் போதும்."

லீதியாள் கதவின் மேல் வைத்த கையை எடுத்தாள்.

"நீங்க எடுக்கப்போயிதான் அவ சாவப்போறாளா? தானா சாவல்லியா?"

"மூளையில் முன்னேற்றம் இல்லை. பின்னடைவும் இல்லை. இந்த நிலையில் இருப்பவர்களை உறவினர் வந்து விடைபெறும்வரை வைத்திருப்போம். உறவினர் பார்க்காமல் கருவியை நீக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். கதவு உங்கள் வருகையைப் பதிவு செய்யும். அதன்பிறகே எங்களால் எதுவும் செய்ய முடியும்."

"நான் வரலேன்னா?"

"வைத்திருப்போம்."

"எத்தன நாளைக்கி?"

"மாதக்கணக்கில் இருந்தவர்கள் உண்டு."

"அவங்கள்ல யாராது முழிச்சிருக்காவளா?"

மருத்துவருடையது பொய் சொல்லத் தெரியாத முகம். "அதிகம் இல்லை. ஆனால் உண்டு."

லீதியாள் சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "டாக்டரம்மா, எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. இவ பொழைக்க மாட்டான்னு யாரு முடிவு பண்ணா?"

"எங்கள் குழு முடிவு செய்தது. உங்கள் நாட்டின் அவசரமானி உங்களுக்கு விரைவு வழங்கியிருக்கிறது என்ற அறிவிப்பும் எங்களுக்கு வந்தது. அது இதுவரை தவறியதில்லை. அது வந்தபிறகு எங்களுக்கும் ஐயம் நீங்கியது."

"அது ஒங்க ஆஸ்பத்திரியப் பாத்துத்தான சொல்லுது" என்றாள் லீதியாள். "சொந்தக்காரங்க வந்தா நீங்க மெசின எடுத்துருவீங்க. அதனால நான் வந்தா இவ செத்துருவான்னு அது கணக்குப் போட்டிருக்கு. அது சொல்லிட்டுன்னு நீங்க எடுக்கப் பாக்கிய. நடுவுல எந்தங்கச்சிக்கு என்னன்னு யாருமே பாக்கலியே."

மொழிச்செவி இதை மொழிபெயர்த்து முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. கேட்டு முடித்த சோல்வெய் மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. நூற்றுக்கணக்கான உறவினர்களை அந்தக் கதவுக்குள் அனுப்பியவர். விமானம் பிடித்து ஓடிவந்த ஒருவரும் இதற்கு முன் வாசலில் நின்று இப்படிக் கேட்டதில்லை. கதவைத் திறந்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்ததும் அவர் தன் வேலையைச் செய்தார்.

"நான் உள்ள போவல" என்றாள் லீதியாள்.

அன்றிலிருந்து அவள் அந்த நடைபாதையில்தான் கிடந்தாள். பயண அனுமதிக்கு ஒரு வாரம் கெடு இருந்தது. தலைமை நிர்வாகி வந்து பேசினார். பாதிரியார் ஒருவர் வந்து, பற்றை விடுவதும் அன்புதான் என்று ஏட்டுத் தமிழில் சொன்னார். லீதியாள் அவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி அனுப்பினாள். செவிலியர் அவளுக்குச் சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார்கள்.

உள்ளே போகாமல் இருப்பது அவள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. இரண்டு அடி தள்ளித்தான் கதவு. தங்கையின் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிட்டவள், தட்டம்மை வந்தபோது பக்கத்திலேயே படுத்திருந்தவள், இப்போது வாசலில் யாரோபோல உட்கார்ந்திருந்தாள். ஒருவேளை மருத்துவர் சொல்வதுதான் சரியோ? இன்று இவள் பார்க்காமல் இருந்து, நாளை நவோமி தானாகவே செத்துப்போனால்? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து நின்றாள், நின்றுவிட்டு உட்கார்ந்தாள். ஒருமுறை செவிலி வெளியே வந்தபோது கதவு முழுதாகச் சாத்தவில்லை. மூச்சுக்கருவி காற்றைத் தள்ளுவதும் இழுப்பதும் கேட்டது. லீதியாள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, காதை மட்டும் கொடுத்தாள். செவிலி அதைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தாமல் சற்று நேரம் அப்படியே நின்றாள்.

கெடு முடிந்த அன்று சோல்வெய் விமான நிலையம்வரை கூட வந்தார். "நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் உள்ளே போயிருப்பேன்" என்றார்.

"பாத்தாப் போதும்னா நானும் போயிருப்பேன்" என்றாள் லீதியாள். "பாத்துக்கிடுங்க அவள."

ஊர் திரும்பி இறங்கிய இடத்திலேயே கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவசரமானியின் கணக்கில் நவோமி இறந்திருக்க வேண்டும். இறக்கவில்லை. அது இயங்கத் தொடங்கிய நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை. நவோமி பிழைத்தது அவசரமானிக்குப் பிழையாயிற்று. இயந்திரம் தப்பு செய்யாது என்பது ஆணையத்தின் விதி. ஆகவே தப்பு செய்தவர் விண்ணப்பித்தவர்தான் என்று ஆனது. லீதியாளின் பெயருக்கு எதிரே 'பொய் அவசரம்' என்று ஏற்றினார்கள். இனி அவளுக்கு வாழ்நாள் முழுக்கச் சாதாரணம்தான்.

"நான் என்னம்மா செய்ய" என்றார் பூரணலிங்கம், அவள் போய்க் கேட்டபோது. "பாக்கப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் பாக்காம வந்திருக்கிய. அதுக்கு இங்க வேற பேரு கெடையாது."

மழைக்காலம் தொடங்கும்போது நவோமி கண் விழித்தாள்.

முதலில் விரல் அசைந்தது என்றார்கள். பிறகு கருவி இல்லாமல் மூச்சு விட்டாள். உடம்பின் இடது பக்கம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பேச்சு வரப் பல வாரங்கள் ஆயின. ஒருநாள் அடுமனையில் மாவுக்கையோடு நின்றிருந்த லீதியாளின் தொலைபேசியில் அவள் முகம் வந்தது. பாதி முகம் சிரித்தது. மறுபாதி சும்மா இருந்தது.

"அக்கா."

"சொல்லுட்டி. சாப்ட்டியா? என்ன குடுக்காங்க அங்க?"

"அக்கா, நீ வந்தியாமே." ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துச் சொன்னாள். "வாசல் வரைக்கும் வந்துட்டு, பாக்காமப் போய்ட்டியாமே."

"உள்ள வந்திருந்தா நீ இருந்திருக்க மாட்டட்டி. டாக்டரம்மா சொல்லலியா?"

"சொன்னாங்க. எல்லாம் சொன்னாங்க." நவோமி வேறு பக்கம் பார்த்தாள். "எனக்கும் புரியுது. ஆனாலும்…"

அந்த 'ஆனாலும்' லீதியாளின் நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது. தங்கை உயிரோடு இருப்பதற்குக் கொடுத்த விலை அது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆறவில்லை. மறுநாளே ஆணையத்துக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தாள். கை கால் வராமல் அந்நிய ஊரில் தனியாகக் கிடப்பவளுக்குத் துணைக்குப் போக வேண்டும் என்றாள். நவோமிக்கு இப்போது உயிராபத்து இல்லை. அதனால் அவசரமும் இல்லை. வரிசையில் அவள் இடம் எங்கோ கடைசியில் இருந்தது.

இதற்கிடையில் செய்தி பரவிவிட்டது. நடைபாதையில் லீதியாள் உட்கார்ந்திருந்த படத்தை யாரோ ஒரு செவிலி எடுத்திருந்தாள். அது உலகம் முழுக்கப் போயிற்று. விரைவு வாங்கிப் போனவர்கள் கதவைத் திறக்க மறுத்தார்கள். மனைவியைப் பார்க்கப் போன கணவர்கள், மகனைப் பார்க்கப் போன தாய்மார்கள், வாசலோடு உட்கார்ந்துவிட்டு வாசலோடு திரும்பினார்கள். உள்ளே அவர்களுக்காகக் காத்துக்கிடந்த நோயாளிகளில் மிகச் சிலர் விழித்தார்கள். மற்றவர்கள் விழிக்கவும் இல்லை, போகவும் இல்லை. மருத்துவமனைகளில் படுக்கை இல்லை என்றார்கள்.

அவசரமானியும் கற்றுக்கொண்டது. போனவர்கள் போய்ச் சேர்ந்தபிறகும் நோயாளிகள் இறக்கவில்லை என்பதை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டது. உடம்பு ஓய்ந்து தானாகச் சாகிறவர்கள் இருந்தார்கள். மருத்துவர் கருவியை நீக்கியதால் செத்தவர்களும் இருந்தார்கள். இவர்களை வேறுபடுத்திப் பார்க்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. சாவு என்று அது படித்து வைத்திருந்ததில் பாதி, யாரோ ஒரு சொந்தக்காரர் கதவைத் திறந்த செய்திதான். அந்தப் பாதி சரிந்ததும் முழுக்கணக்கும் சரிந்தது. உறுதியாகத் தெரியாதபோது சாதாரணம் என்று சொல்வதுதான் அதன் வழக்கம். ஆகவே எல்லோருக்கும் சாதாரணம் என்று சொல்லத் தொடங்கியது.

அடுத்த கோடையில் ஒருநாள், மறுபடி கைரேகை வைக்க வரச்சொல்லியிருந்ததால், லீதியாள் ஆணையத்தின் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து உட்கார்ந்தார். காயல்பட்டினத்துக்காரர்; பெயர் சாதுலி. மடியில் கைப்பை. சட்டைக் காலரில் சலவை மடிப்புக் கலையவில்லை. திரையில் அவருடைய எண்ணுக்கு நேரே சாதாரணம் என்று இருந்தது.

"நீங்கதான அந்த அக்கா" என்றார்.

லீதியாள் தலையசைத்தாள். இப்படிக் கேட்கிறவர்கள் வழக்கமாகக் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள்.

"எங்க வாப்பா மலேசியால இருக்காங்க. ஈரல்ல புத்துநோய். மெசின் ஒண்ணும் வைக்கல. நாலஞ்சு நாள்தான்னு அங்க டாக்டர் நேராவே சொல்லிட்டாங்க." அவர் குரலில் கோபம் இல்லை. "பழைய மாதிரி இருந்தா எனக்கு விரைவு வந்திருக்கும். இந்நேரம் பக்கத்துல இருந்திருப்பேன்."

"வேற வழி ஏதும்…" என்று ஆரம்பித்தாள் லீதியாள்.

"எல்லாம் பாத்துட்டேன். பூரணலிங்கம் சாரும் மேல எழுதிப் பாத்தாரு. அவரு கையில என்ன இருக்கு?" திரும்பி அவளைப் பார்த்து, "ஒங்க தங்கச்சி இப்ப எப்பிடி இருக்காங்க?" என்று கேட்டார்.

"கம்பப் புடிச்சிக்கிட்டு நடக்கா."

"நல்லா இருக்கட்டும்" என்றார் சாதுலி. மனதாரத்தான் சொன்னார். அவள் தலை குனிந்தது அதனால்தான்.

பூரணலிங்கத்தின் மேசையில் லீதியாளின் எண்ணை அழைத்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. அப்போது சாதுலியின் கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தார். மலேசிய எண். நின்று, மறுபடி அடித்தது. அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் பக்கம் நீட்டினார்.

"எனக்குத் தெம்பில்லக்கா. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

லீதியாள் அதை வாங்கிக் காதில் வைத்தாள்.